முகவரியிலிருந்து எண்ணுக்கு: ஊடகக் கோப்பின் அடையாள எண்ணைக் கண்டறியும் முறை

இணையத்தளம் ஒன்றில் ஏற்றப்படும் ஒளிப்படம், காணொலி, ஒலிப்பதிவு, பிடிஎஃப் ஆவணம் ஆகியவற்றுள் எதுவாயினும் அது ஊடகக் கோப்பு எனப்படும். கோப்பு வழங்கிக் கணினியின் வட்டில் ஓரிடத்தில் இருக்க, அதன் தலைப்பு, விளக்கம், ஏற்றியவர், ஏற்றிய நாள் முதலிய செய்திகள் தரவுத்தளம் என்னும் அட்டவணைத் தொகுதியில் தனி வரியாகப் பதிவாகின்றன. அந்த வரிக்கு மென்பொருள் தானாகவே இடும் தொடர் எண்ணே அக்கோப்பின் அடையாள எண். இணைய முகவரி கோப்பு இருக்கும் இடத்தை மட்டுமே சொல்கிறது. அடையாள எண்ணோ அந்தக் கோப்பு எது என்பதைச் சொல்கிறது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டம் பிரிந்து இயங்கத் தொடங்கியபோது, குற்றாலத்தில் வீடு வைத்திருப்போரின் அஞ்சல் முகவரியில் மாவட்டப் பெயர் மாறியது. அந்தப் பிரிவினையால் அவர்களுடைய மனையின் சர்வே எண் மாறவில்லை. முகவரிக்கும் அடையாள எண்ணுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இத்தகையதே.

எண் எதற்கு வேண்டும் என்பதைக் காட்டக் குற்றாலமே தக்க இடம். பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி, ஐந்தருவி, புலியருவி, பழத்தோட்ட அருவி, பழைய குற்றால அருவி எனப் பல அருவிகள் அடுத்தடுத்து இருக்கும் அவ்வூரின் படங்களுக்குப் பெயரிடுவோர், ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் குறிக்கும்போது ஒருவர் கோர்ட்டாலம் என ஒலிக்கும்படியும், மற்றொருவர் குட்ராலம் என ஒலிக்கும்படியும், இன்னொருவர் ஓரெழுத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதுகின்றனர். பேரருவியை மெயின் ஃபால்ஸ் என்றும் ஐந்தருவியை ஃபைவ் ஃபால்ஸ் என்றும் எழுதுவோரும் உளர். இதனால், ஏதேனும் ஒரு பெயரைக் கொண்டு தேடுபவருக்கு அருவியின் படங்களுள் ஒரு பகுதியே கிடைக்கிறது. ஏப்ரல் மாதத்தில் பாறை மட்டும் தெரியும் பேரருவிப் படம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சாரல் பருவத்தைப் பற்றிய பக்கத்தின் முகப்பில் நின்றுவிட்டால், அதை நீக்கி வேறொன்றை இட வேண்டியவருக்குப் பெயர் உதவாது. பக்கத்துக்கும் படத்துக்கும் உள்ள தொடர்பை மென்பொருள் எண்ணாலேயே பதிந்து வைத்திருப்பதால், எண் தெரிந்தால்தான் அப்படம் எந்தெந்தப் பக்கங்களின் முகப்பில் இருக்கிறது என்பதைத் தரவுத்தளத்தில் முழுமையாகக் கண்டெடுக்க முடியும்.

இவ்வியலில் இரண்டு மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது வேர்ட்பிரஸ்; தங்கும் விடுதிகள், பள்ளிகள், சிறு இதழ்கள், கோயில் தொண்டுக் குழுக்கள் முதலியோரின் தளங்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. இரண்டாவது விக்கிப்பீடியாவையும் விக்கிமீடியா பொதுவகத்தையும் இயக்கும் மீடியாவிக்கி. பொதுவகம் என்பது எவரும் உரிய உரிமத்துடன் எடுத்துப் பயன்படுத்தத்தக்க ஊடகக் கோப்புகளின் களஞ்சியமாக 2004 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. நிரற்சொற்கள் இங்கு ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடையிலுள்ள இணைகோட்டையும் அடிக்கோட்டையும் மாற்றாமல் தட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளத்தில்

தளத்தின் நிர்வாகப் பகுதிக்குள் நுழையும் உரிமை உடையவர், வேறு முறைகளை நாடும் முன் ஊடக நூலகத்தைத் திறந்து படத்தைச் சொடுக்கிப் பார்ப்பது நல்லது. கட்டக் காட்சியில் படத்தைத் திறந்தவுடன் உலாவியின் முகவரிப் பட்டையில் ஐட்டம் என்னும் சொல்லுக்குப் பின் சமக்குறியும் ஓர் எண்ணும் தோன்றும். பட்டியல் காட்சியில் திருத்தும் பக்கத்துக்குச் சென்றால் போஸ்ட் என்னும் சொல்லுக்குப் பின் அதே எண் நிற்கும். உள்ளே நுழையும் உரிமை இல்லாதவர், படம் இடம்பெற்ற பக்கத்தின் மூல நிரலை உலாவியிலேயே திறந்து, படத்துக்குரிய குறிச்சொல்லில் டபிள்யூபி-இமேஜ் என்னும் வகுப்புப் பெயர் உள்ளதா எனத் தேடலாம். அப்பெயரை அடுத்து இணைகோட்டுக்குப் பின் வரும் எண்ணே அடையாள எண். கட்டுரையின் உடலில் படத்தைச் செருகும்போது வேர்ட்பிரஸ் இந்த வகுப்புப் பெயரைத் தானே எழுதிவிடுவதால், பெரும்பாலான தேடல்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். பக்கமே அழிந்துபோய்ப் படத்தின் முகவரி மட்டும் கையில் இருக்குமானால், இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷின் சேமித்து வைத்திருக்கும் பழைய படியைத் திறந்து அதே வகுப்புப் பெயரைத் தேடலாம்.

இவ்வழிகள் எல்லாம் அடைபடும்போது முகவரியைப் பகுத்துப் படிக்க வேண்டியுள்ளது. தென்காசி வட்டாரத் தளம் ஒன்றில் உள்ள படத்தின் முகவரி, தளப்பெயரை அடுத்து டபிள்யூபி-கன்டென்ட்/அப்லோட்ஸ்/2023/07/ஐந்தருவி-1-1024×683.ஜேபிஜி என முடிவதாக எடுத்துக்காட்டுக்குக் கொள்ளலாம். பெருக்கல் குறியாக இங்கு அச்சிடப்பட்டிருப்பது உண்மையான முகவரியில் ஆங்கில எக்ஸ் எழுத்தாக இருக்கும். இதில் அப்லோட்ஸ் வரையிலான பகுதி எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவானது என்பதால் தரவுத்தளம் அதைக் கோப்புதோறும் எழுதி வைப்பதில்லை. அதன் பின்னுள்ள ஆண்டும் மாதமும் கோப்புறையின் பெயர்கள். அவற்றைப் படம் எடுத்த நாளாகக் கொள்வது பிழை. படம் ஜூலையில் எடுக்கப்பட்டு அக்டோபரில் ஏற்றப்பட்டிருக்கலாம், அன்றியும் முன்தேதியிட்ட கட்டுரை ஒன்றுக்குள் இருந்தபடி படத்தை ஏற்றினால் அக்கட்டுரையின் தேதியே கோப்புறையைத் தீர்மானிக்கிறது. குற்றாலத்தில் இவ்வாண்டு எந்த வாரத்தில் தண்ணீர் விழத் தொடங்கியது என்பதற்கு முகவரியைச் சான்றாகக் காட்டுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பெயரின் கடைசியில் நிற்கும் 1024×683 என்பதே தேடலைப் பெரும்பாலும் தோற்கச் செய்யும் பகுதி. ஒரு படம் ஏற்றப்பட்டவுடன், கைப்பேசித் திரைக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று எனச் சிறுத்த படிகளை வேர்ட்பிரஸ் தானே உருவாக்கி, ஒவ்வொரு படியின் அகலத்தையும் உயரத்தையும் பெயரின் இறுதியில் ஒட்டுகிறது. 6000 படப்புள்ளி அகலமும் 4000 படப்புள்ளி உயரமும் கொண்ட ஒளிப்படம் ஒன்றை இயல்பான அமைப்பில் ஏற்றினால் 150×150, 300×200, 768×512, 1024×683, 1536×1024, 2048×1365 என்னும் ஆறு படிகள் உண்டாகின்றன. 2019-இல் வந்த 5.3ஆம் பதிப்பிலிருந்து 2560 படப்புள்ளிக்கு மேற்பட்ட படங்களுக்கு ஸ்கேல்டு என்னும் சொல் பெயரில் ஒட்டிய ஏழாவது படியும் சேர்கிறது. மூலத்தோடு கூட்டினால் வட்டில் எட்டுக் கோப்புகள், எட்டு முகவரிகள். தரவுத்தளத்திலோ ஒரே வரி, ஒரே எண். சிறுபடிகளுக்குத் தனி எண் கிடையாது என்பதை அறியாதவர், முகவரியை உள்ளபடியே தந்து தேடி, ஒன்றும் கிடைக்காமல், படம் நூலகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்னும் தவறான முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

தரவுத்தளம் எதைப் பதிந்து வைத்திருக்கிறது என்பதை இங்கே நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். டபிள்யூபி_போஸ்ட்ஸ் என்னும் அட்டவணையில் கட்டுரைகளும் பக்கங்களும் இருப்பது போலவே ஊடகக் கோப்புகளும் அட்டாச்மென்ட் என்னும் வகைப்பெயரோடு வரிசையாக இருக்கின்றன; அடையாள எண் அந்த அட்டவணையின் முதல் பத்தியில் உள்ளது. கோப்பு இருக்கும் இடமோ டபிள்யூபி_போஸ்ட்மெட்டா என்னும் துணை அட்டவணையில், _டபிள்யூபி_அட்டாச்டு_ஃபைல் என்னும் திறவுச்சொல்லுக்கு எதிரே, 2023/07/ஐந்தருவி-1.ஜேபிஜி என்னும் வடிவில், தளப்பெயரும் இல்லாமல் சிறுபடி அளவும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும். அதே வரியில் போஸ்ட்_ஐடி என்னும் பத்தியில் நிற்பதுதான் தேடப்படும் எண். ஆகவே முகவரியின் முன்புறத்திலிருந்து தளப்பெயரையும் பொதுப் பாதையையும், பின்புறத்திலிருந்து சிறுபடி அளவையும் உரித்து, எஞ்சியதை மெட்டா_வேல்யூ பத்தியில் தேடுவதே முறையின் சாரம். நிறுவியவர் அட்டவணைப் பெயர்களின் முன்னொட்டை மாற்றியிருக்கலாம் என்பதால் டபிள்யூபி என்பதற்குப் பதில் வேறு எழுத்துகள் இருந்தால் தயங்க வேண்டியதில்லை.

இதே வேலையைச் செய்ய அட்டாச்மென்ட்_யூஆர்எல்_டு_போஸ்ட்ஐடி என்னும் செயற்கூறு 2014-இல் வெளிவந்த 4.0ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. முழு முகவரியைக் கொடுத்தால் அது எண்ணைத் திருப்பித் தரும், கிடைக்காவிட்டால் சுழியத்தைத் தரும். ஆயின் அது முன்புறத்தை மட்டுமே உரிக்கிறது, பின்புறச் சிறுபடி அளவை உரிப்பதில்லை. ஸ்கேல்டு சேர்ந்த படத்துக்கு அச்சொல் இல்லாத மூலத்தின் முகவரியைக் கொடுத்தாலும் சுழியமே வரும், ஏனெனில் அத்தகைய படத்துக்குத் துணை அட்டவணையில் ஸ்கேல்டு பெயரே பதிவாகியுள்ளது. எனவே தேடல் மூன்று முயற்சிகளாக அமைய வேண்டும்: முகவரி உள்ளபடியே ஒரு முறை, இறுதி அளவை நீக்கி ஒரு முறை, அளவு நின்ற இடத்தில் ஸ்கேல்டு சேர்த்து ஒரு முறை. முதலிலேயே அளவை நீக்கிவிடக் கூடாது. படத்தை ஏற்றியவரே கோப்புப் பெயரில் அளவைக் குறித்திருந்தால் அது பெயரின் உண்மையான பகுதியாகிவிடும்.

எடுத்துக்காட்டில் நிற்கும் -1 என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் உரிக்கக் கூடாது. அதே மாதக் கோப்புறையில் ஐந்தருவி என்னும் பெயரில் வேறொரு படம் ஏற்கெனவே இருந்ததால் இரண்டாவதைப் பிரித்தறிய மென்பொருள் இட்ட எண்ணாக அது இருக்கக்கூடும். அதை நீக்கினால் தேடல் வெற்றி பெற்றது போலத் தோன்றி, முற்றிலும் வேறான படத்தின் எண்ணைத் தந்துவிடும். எதுவும் கிடைக்காத தேடலைவிடத் தவறானது கிடைக்கும் தேடல் ஆபத்தானது, ஏனெனில் அதன் பேரில் யாரோ ஒருவர் நல்ல படம் ஒன்றை அழித்துவிடுவார்.

டபிள்யூபி_போஸ்ட்ஸ் அட்டவணையில் ஜியூஐடி என்னும் பத்தி ஒன்றும் உண்டு. அதில் முழு முகவரியே எழுதப்பட்டிருப்பதைக் கண்டு அதிலேயே தேடிவிடலாம் என எண்ணத் தோன்றும். அப்பத்தி செய்தியோடை வாசிப்பான்களுக்காக ஒருமுறை எழுதி அப்படியே விடப்படுவது. தளம் வேறு பெயருக்கு மாறினாலும், எச்டிடிபி என்பது எச்டிடிபிஎஸ் ஆனாலும் அது பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பித் தேடுவதும், இன்றைய முகவரிக்கு ஏற்ப அதை மாற்றி எழுதுவதும் தவிர்க்கத்தக்கவை. துணை அட்டவணையின் மெட்டா_வேல்யூ பத்திக்குச் சுட்டுவரிசை கிடையாது என்பதால் பல்லாயிரம் படங்கள் உள்ள தளத்தில் ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் இத்தேடலை ஓடவிடுவது தளத்தை மெதுவாக்கும். ஒருமுறை கண்ட எண்ணைச் சேமித்து வைத்துக்கொள்வதே முறை. பல தளங்களை ஒரே நிறுவலில் நடத்துவோருக்கு முகவரியில் சைட்ஸ் என்னும் சொல்லும் ஓர் எண்ணும் கூடுதலாக இருக்கும். அந்த எண் தளத்துக்குரியது, கோப்புக்குரியதன்று.

தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள்

மேலே கண்ட எடுத்துக்காட்டு படிக்க எளிதாக இருந்ததற்குக் காரணம் அது தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதே. உலாவியிலிருந்து அம்முகவரியைப் படியெடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால் ஐந்தருவி என்னும் பெயர் மறைந்து, விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட தொடர் தோன்றும். முகவரிகளில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே நேரடியாகச் செல்ல முடியும் என்பதால், பிற மொழி எழுத்துகள் யுடிஎஃப்-8 என்னும் முறைப்படி பைட்டுகளாக மாற்றப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு இரண்டு குறியெழுத்துகளாக எழுதப்படுகிறது. தமிழில் உயிர், அகரமேறிய மெய், உயிர்மெய்க்குறி, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தனிக் குறியீடாகக் கணக்கிடப்பட்டு மூன்று பைட்டுகளைப் பெறுவதால், முகவரியில் ஒவ்வொன்றும் ஒன்பது இடங்களை எடுத்துக்கொள்கிறது. குற்றாலம் என்னும் சொல்லில் க, உகரக்குறி, ற, புள்ளி, ற, ஆகாரக்குறி, ல, ம, புள்ளி என ஒன்பது குறியீடுகள் உள்ளன; ஆகவே நாம் ஐந்து எழுத்தாக எண்ணும் அச்சொல் முகவரியில் 81 இடங்களாக நீள்கிறது. தென்காசி என்பது 72 இடங்கள்.

துணை அட்டவணையில் பெயர் தமிழ் எழுத்திலேயே பதிவாகியிருப்பதால், விழுக்காட்டுத் தொடரை அப்படியே கொடுத்துத் தேடுவதில் பயனில்லை. முதலில் அதைக் குறிவிலக்கித் தமிழாக்கிய பின்னரே தேட வேண்டும். பிஎச்பி மொழியில் இதற்கு ராயூஆர்எல்டிகோட் என்னும் செயற்கூறு உண்டு. இதற்கு மாறாக, படத்துக்கென உள்ள பக்கத்தின் முகவரிச் சொல்லை வேர்ட்பிரஸ் விழுக்காட்டு வடிவிலேயே, 200 இடங்களுக்கு உட்பட்டுச் சேமிக்கிறது. அதாவது 22 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் அதில் இடமில்லை. தென்காசியின் காசி விசுவநாதர் கோயிற் படங்களுடைய நீண்ட தலைப்புகள் முகவரியில் நடுவே அறுந்து நிற்பதற்கு இதுவே காரணம். பக்க முகவரியைக் கொண்டு எண்ணைத் தேடுபவர் அறுந்த வடிவத்தையே தேட வேண்டும், முழுத் தலைப்பை அன்று.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று தமிழுக்கே உரியது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க்குறிகளை யூனிக்கோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ஒரே குறியீடாகவோ, முன்னுள்ள கொம்பையும் பின்னுள்ள பகுதியையும் தனித்தனியே இட்டு இரண்டு குறியீடுகளாகவோ எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; பைட்டு அளவில் அவை வேறு வேறு சொற்கள். ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவில் வைத்திருந்தது. விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்த்த வடிவில் தருகின்றன. குற்றாலம், தென்காசி, ஐந்தருவி, பேரருவி, தேனருவி ஆகிய பெயர்களில் இக்குறிகள் இல்லாததால் இடர் எழுவதில்லை. பழத்தோட்ட அருவி, செங்கோட்டை, பொதிகை, தோரணமலை, இன்னும் கோயில் என்னும் சொல் வரும் எல்லாப் பெயர்களிலும் அது எழக்கூடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் பெயர் தேடலில் சிக்காதபோது, முகவரியின் விழுக்காட்டுத் தொடரில் அந்தக் குறியின் இடத்தில் மூன்று பைட்டுகள் உள்ளனவா, ஆறு பைட்டுகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு இருந்தால் பிரித்த வடிவம். தேடும் சொல்லையும் அதே வடிவுக்கு மாற்றிக்கொண்டால் வரி கிடைத்துவிடும்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடவே கூடாது என்று இதனால் முடிவு செய்வது முறையன்று. ஆங்கில எழுத்தில் குற்றாலத்தை நான்கு விதமாக எழுதிக் குழம்புவதைவிட, தமிழில் ஒரே விதமாக எழுதி, சேர்த்த வடிவத்தையே பயன்படுத்துவது என ஒரு வழக்கத்தை வகுத்துக்கொள்வது நெடுங்காலத்துக்கு நன்மை தரும்.

விக்கிமீடியா பொதுவகத்தில்

பொதுவகத்திலுள்ள படத்தின் முகவரி வேறொரு முறையில் கட்டப்பட்டுள்ளது. அப்லோட்.விக்கிமீடியா.ஆர்க் என்பதை அடுத்து விக்கிப்பீடியா/காமன்ஸ் என்னும் பாதையும், பின்னர் ஓரெழுத்துக் கோப்புறை ஒன்றும், ஈரெழுத்துக் கோப்புறை ஒன்றும், அதன் பின் கோப்புப் பெயரும் வரும். அந்த ஓரெழுத்தையும் ஈரெழுத்தையும் அடையாள எண்ணின் பகுதி எனக் கருதுவோர் உண்டு. அவை எண்ணோடு எவ்விதத் தொடர்பும் அற்றவை. கோப்புப் பெயரை எம்டி5 என்னும் கணிப்பு முறைக்கு உட்படுத்தினால் 32 குறியெழுத்துகள் கொண்ட சுருக்கம் ஒன்று கிடைக்கும். அதன் முதல் எழுத்தும் முதல் இரண்டு எழுத்துகளுமே கோப்புறைப் பெயர்களாகின்றன. கோப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் 256 கோப்புறைகளில் பரவிக் கிடக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பெயரில் ஒரு புள்ளி மாறினாலும் பெரும்பாலும் கோப்புறை மாறிவிடும்.

சிறுபடியின் முகவரியில் காமன்ஸ் என்பதை அடுத்துத் தம்ப் என்னும் சொல் நிற்கும். கோப்புப் பெயருக்குப் பின் மற்றொரு பகுதி சேர்ந்து, அதில் 320பிஎக்ஸ் போன்ற அளவோடு அதே பெயர் திரும்ப வரும். கோப்புப் பெயரை எப்போதும் கடைசிக்கு முந்தைய பகுதியிலிருந்தே எடுக்க வேண்டும், ஏனெனில் பெயர் மிக நீளமாக இருக்கும்போது கடைசிப் பகுதியில் அதை விடுத்துத் தம்ப்நெயில் என்னும் பொதுச்சொல்லை மீடியாவிக்கி இட்டுவிடுகிறது; ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டு கொள்ளும் தமிழ்ப் பெயர்கள் அந்த வரம்பை விரைவில் எட்டிவிடுகின்றன. பிடிஎஃப் ஆவணமாயின் கடைசிப் பகுதியில் பக்க எண்ணும் சேர்ந்திருக்கும். படத்தின் பழைய பதிப்பின் முகவரியில் ஆர்க்கைவ் என்னும் சொல்லும், பெயருக்கு முன் அப்பதிப்பு பழையதாக ஒதுக்கப்பட்ட நேரத்தைக் குறிக்கும் 14 இலக்கங்களும் வியப்புக்குறியும் இருக்கும். அவ்விலக்கங்களையும் அடையாள எண்ணாகக் கொள்ளக் கூடாது.

பெயர் கிடைத்தபின் பொதுவகத்தில் அக்கோப்பின் பக்கத்தைத் திறந்து, கருவிகள் பட்டியலில் பக்கத்தைப் பற்றிய தகவலைத் தரும் இணைப்பைச் சொடுக்கினால் வரும் அட்டவணையில் பக்க அடையாள எண் என ஒன்று இருக்கும், அதுவே தேடப்படுவது. 2019 முதல் பொதுவகத்தில் அமைந்த கட்டமைந்த தரவு முறையில், இதே எண்ணின் முன் எம் என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் அக்கோப்பின் ஊடக அடையாளம் ஆகிவிடுகிறது. படத்தில் காணப்படுவது பேரருவியா, குற்றாலத்தின் சித்திர சபையா, 1990-இல் குடமுழுக்குக் கண்ட தென்காசி இராசகோபுரமா என்னும் செய்தியெல்லாம் அந்த அடையாளத்தோடுதான் இணைக்கப்படுகிறது. பல நூறு படங்களின் எண்களை ஒருங்கே பெற வேண்டியவர், நிரல்கள் தமக்குள் உரையாடும் வாயிலான ஏபிஐ வழியாக, கோப்புப் பெயர்களைத் தொகுப்பாகக் கொடுத்து பேஜ்ஐடி என்னும் விடையைப் பெறலாம்.

எந்தத் தரவுத்தளத்தில் தேடுகிறோம் என்பதில் இங்கு விழிப்பு வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் குற்றாலம் பற்றிய கட்டுரையில் படத்தைச் சொடுக்கினால் படிமம் என்னும் முன்னொட்டோடு ஒரு பக்கம் திறக்கும். ஆனால் படம் பொதுவகத்தில் சேமிக்கப்பட்டிருந்தால், தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுத்தளத்தில் அதற்குப் பொதுவாக வரி இராது, எனவே எண்ணும் இராது. படத்தின் முகவரியில் காமன்ஸ் என்பதற்குப் பதிலாகத் தமிழைக் குறிக்கும் டிஏ என்னும் இரண்டெழுத்து இருந்தால் மட்டுமே அது தமிழ் விக்கிப்பீடியாவில் நேரடியாக ஏற்றப்பட்ட கோப்பு. அப்போது எண்ணையும் அங்கேயே தேட வேண்டும்.

பொதுவகத்தில் கோப்பின் பெயரை மாற்றலாம். திருநெல்வேலி என்று தொடங்கும் பெயரைத் தென்காசி என்று ஒருவர் மாற்றினால், எம்டி5 சுருக்கம் மாறி, கோப்புறை மாறி, முகவரி முழுவதுமே மாறிவிடுகிறது. பக்க எண் மட்டும் கோப்போடு புதிய பெயருக்குச் செல்கிறது. பழைய பெயரில் விடப்படும் வழிமாற்றுப் பக்கத்துக்குத்தான் புதிய எண் ஒன்று வழங்கப்படுகிறது. ஆகையால் பழைய பெயரைக் கொண்டு எண்ணைத் தேடுபவர், தமக்குக் கிடைத்தது கோப்பின் எண்ணா, வழிமாற்றின் எண்ணா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ட எண்ணைச் சரிபார்த்தல்

எந்த முறையில் எண் கிடைத்தாலும் அதை எதிர்வழியில் செலுத்திப் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். பொதுவகத்தில், தளத்தின் முதன்மை முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் கியூர்ஐடி என்னும் சொல்லும் சமக்குறியும் இட்டு எண்ணை எழுதினால் அந்தக் கோப்பின் பக்கமே திறக்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில், நிர்வாகப் பகுதியின் முகவரியில் எண்ணை இட்டுத் திறந்து, தோன்றும் படம் கையிலுள்ள படம்தானா எனக் கண்ணால் ஒப்பிட வேண்டும். குற்றாலத்து அருவிகளின் அண்மைக் காட்சிகள் வெண்ணீரும் கரும்பாறையுமாக ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், சிற்றருவிப் படத்தைப் பேரருவியின் ஓரமாகக் கொண்டுவிடுவது எளிது. அகலம், உயரம், ஏற்றிய நாள் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்றும் பார்ப்பது பாதுகாப்பு.

எண்ணைக் கொண்டு ஊடக நூலகத்தில் விளக்கத்தைத் திருத்துபவர், ஏற்கெனவே வெளியான கட்டுரைகளின் உடலில் செருகப்பட்ட படங்களின் கீழுள்ள குறிப்பும் மாற்றுரையும் அதனால் மாறுவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். செருகிய பொழுதில் அவை கட்டுரைக்குள் படியெடுக்கப்பட்டுவிடுகின்றன. பழைய குற்றாலத்தின் படத்துக்கு ஐந்தருவி எனத் தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தால், அந்த எண் இடம்பெற்ற கட்டுரைகளை வகுப்புப் பெயரைக் கொண்டு தேடி, ஒவ்வொன்றிலும் தனியே திருத்த வேண்டும். வெள்ளப்பெருக்கின்போது குளிக்கத் தடை விதிக்கப்படும் ஊரில், வழி தெரியாத பயணி ஒருவர் படக்குறிப்பை நம்பி வேறோர் அருவிக்குச் செல்லக்கூடும் என்பதால், இந்தத் திருத்தத்தைப் பாதியில் விடுதல் தகாது.

அடையாள எண் அது பிறந்த தரவுத்தளத்துக்கு உள்ளேயே செல்லும். வேர்ட்பிரஸ் தளத்தை வேறு வழங்கிக்கு மாற்றுபவர் தரவுத்தளத்தை முழுமையாகப் படியெடுத்துக் கொண்டுசென்றால் எண்கள் மாறாமல் இருக்கும். ஏற்றுமதிக் கோப்பின் வழியாகக் கொண்டுசென்றால், புதிய தளத்தில் ஏற்கெனவே பயன்பட்ட எண்களுக்குப் பதிலாகப் புதிய எண்கள் வழங்கப்படும். ஆதலால் இடமாற்றத்துக்கு முன்பே, அருவியின் அல்லது கோயிலின் பெயர், கோப்பின் முகவரி, அடையாள எண் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் கொண்ட பதிவேடு ஒன்றைத் தயாரித்துத் தளத்துக்கு வெளியே சேமித்து வைக்க வேண்டும்.